ரெங்கே பெருக்கிய ஒன்பது படிகள்

துடைப்பத்தில் பாதி நாரைக் காணோம். ஹௌக்கே கத்தரித்து வைத்திருந்தான். உயிர் நண்பன் என்றால் அப்படித்தான். மிஞ்சியிருந்த நாரை நம்பி, ஊராட்சி மன்றப் படிகளில் குவிந்து கிடந்த பீர் பாட்டில் மூடிகளை ரெங்கே பெருக்கிக்கொண்டிருந்தான். உடம்பில் தாத்தாவின் கறுப்புக் கோட்டு, தலையில் நெட்டைத் தொப்பி, இடுப்பில் பூப்போட்ட ஏப்ரன். கீழே ஊரே பெஞ்சு போட்டு உட்கார்ந்து சாசேஜ் தின்றபடி வேடிக்கை பார்த்தது.

எங்கள் கடலோர ஊரான எல்லர்சீலில் முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத ஆண்பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு இதுதான். படிகள் சுத்தமாகிவிட்டன என்று ஊராட்சித் தலைவி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணமாகாத ஒருத்தி வந்து முத்தம் கொடுத்து மீட்க வேண்டும். அதுவரைக்கும் விடுதலை கிடையாது. வாரநாட்களில் ஊராட்சியின் பெருக்கும் வண்டியை ஓட்டுகிறவனே ரெங்கேதான் என்பதால், முன்ஜாக்கிரதையாக அந்த வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தோம்.

படிகள் ஒன்பது. மாடி இல்லாத கட்டடத்துக்கு இத்தனை படி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வெள்ளத்துக்காக என்று சொல்லி வைப்போம். பக்கத்து ஊரில் எட்டு என்பதுதான் விஷயம். அறுநூறு வருஷ வரலாற்றில் நாங்கள் ஜெயித்தது இது ஒன்றில்தான். ஒரு காலத்தில் ஸ்வீடன் படை எங்களைக் கொள்ளையடிக்க வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் ஒரு ஆட்டை விட்டுவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

ரெங்கேவுக்கு வரலாறெல்லாம் நினைவில் இல்லை. நாலு மணிதான் நினைவில் இருந்தது. நாலு மணிக்கு மாட்டு டாக்டர் இன்சா கடலணைப் பக்கத்துப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு இந்த வழியாகத்தான் திரும்புவாள்.

இரண்டு வருஷமாக இன்சாவின் மேல் அவனுக்கு உயிர். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் வீட்டுக் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளிடம் வைத்தியத்துக்குப் போவான். கோழி குண்டுக்கல் மாதிரி இருந்தது. அவளும் அதன் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, எதற்கும் அடுத்த வாரம் ஒரு தடவை கொண்டு வாருங்கள் என்பாள். அன்றைக்கெல்லாம் இவன் கோழிக்கு நிஜமாகவே ஏதோ வந்துவிட்டது என்று பயந்து, அதைக் கட்டில் பக்கத்தில் வைத்துப் படுத்துக்கொள்வான்.

இந்தக் கோலத்தில் அவள் கண்ணில் பட்டால் மானம் கப்பலேறிவிடும். நாலுக்குள் முடிக்க வேண்டும், குளிக்க வேண்டும், இஸ்திரி போட்ட நீலச் சட்டையை மாட்ட வேண்டும். இன்றைக்காவது கோழி இல்லாமல் அவள் எதிரே போய் நின்று பேசிவிட வேண்டும். முப்பது வயசுக்கு இந்த ஒரு தைரியமாவது வராவிட்டால் எப்படி?

குனிந்த தலை நிமிராமல் பெருக்கினான். கடைசிப் படிக்கு வந்துவிட்டான். அப்போதுதான் ஃபோக்கோவின் டிராக்டர் வந்தது.

ஃபோக்கோ எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர். பேச மாட்டார். காலையில் ஒரு வணக்கம் சொன்னால் சாயங்காலம்வரை அதுவே போதும் என்று இருப்பார். போன மாதம் அவருடைய பசு கன்று போட முடியாமல் தவித்து, இன்சா விடிய விடிய நின்று காப்பாற்றியபோதுகூட, நன்றி என்று வாயால் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றினாராம். அப்படிப்பட்டவர் கடலணைச் சாலையை ஒரு பார்வை பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், டிராக்டரின் முன்வாளியைத் தூக்கி ஒரு வாளி ஓட்ஸ் உமியை மேல்படியில் கவிழ்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

ரெங்கே ஹௌக்கேவை முறைத்தான்.

"மாப்ளே, மூடி மட்டும்தாண்டா என்னோடது. உமி நான் சொல்லல," என்றான் ஹௌக்கே. வாய் நிறைய சாசேஜ் வைத்துக்கொண்டு சத்தியம் செய்கிறவனை யார் நம்புவார்கள்?

உமி மூடி மாதிரி இல்லை. பெருக்கப் பெருக்கக் காற்றில் எழுந்து மறுபடி மேல்படியிலேயே போய் உட்கார்ந்தது. ரெங்கே யோசித்தான். நனைத்துவிட்டால் பறக்காதே! ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினான். பறக்கவில்லைதான். ஒன்பது படியிலும் கஞ்சியாக ஒட்டிக்கொண்டது. துடைப்பம் அதில் நட்டுவைத்த மாதிரி தானாக நின்றது. கூட்டத்தில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இதைப் பார்த்துத் தலேயாவுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் நாற்பது வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். இளகிய மனசு. கைப்பையை ஹௌக்கேவிடம் கொடுத்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு படியேறினாள்.

"நானும் கல்யாணம் ஆகாதவதானே தம்பி. வா, உன்னை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

ரெங்கே ஒரு படி பின்வாங்கினான். தலேயா மேல் அவனுக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் ஊரில் மீட்டவள் பெயரையும் மீட்கப்பட்டவன் பெயரையும் சேர்த்துத்தான் சாகும்வரை கூப்பிடுவார்கள். நாலு மணிக்கு இன்சா காதில் முதலில் விழுவது அதுவாகத்தான் இருக்கும்.

"வேணாங்க்கா. எனக்குக் கடுமையான சளி. உங்களுக்கும் ஒட்டிக்கும்," என்றான்.

பொய் சொன்னாலும் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். தலேயா விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் வெங்காயச் சாறும், கற்பூரத் தைலமும், ஆட்டு ரோமச் சால்வையும் எடுத்து வந்தாள். சாற்றை வாயில் ஊற்றினாள். தைலத்தை மூக்கிலிருந்து மார்புவரை தேய்த்தாள். சால்வையைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். முத்தம் தப்பியது. ஆனால் இப்போது பக்கத்துப் பஞ்சாயத்துவரை வெங்காய வாடை வீசியது, கண்ணிலிருந்து தைலம் வழிந்தது, சால்வையின் ரோமத்தில் உமி அப்பிக்கொண்டது.

அப்படியும் மனுஷன் விடவில்லை. துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏப்ரனை அவிழ்த்து, முழங்காலில் நின்று படிகளை வழித்தான். மூன்று மணிக்கு முக்கால்வாசி முடிந்துவிட்டது. டிராக்டர் சத்தம் கேட்டது. ஃபோக்கோ சாலையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கவிழ்த்தார், போனார்.

ரெங்கேவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஹௌக்கேவின் காலைப் பிடிக்காத குறை. பாதி சுத்தமாக இருந்தாலும் பரவாயில்லை, தலைவியை இப்போதே பார்வையிடச் சொல்லு என்று கெஞ்சினான். ஹௌக்கேவுக்கும் மனசு இரங்கிவிட்டது. ஓடிப்போய் கேசினே அம்மாளைக் கூட்டி வந்தான்.

கேசினே அம்மாள் தேர்தலில் மூன்று தடவை நின்று ஜெயித்தவர். படியில் நிற்க முடியவில்லை. இரண்டாம் படியில் கால் வைத்ததும் கஞ்சி வழுக்கி, புதுப் பாவாடையோடு பொத்தென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து யோசித்தார்.

"சுத்தம் இல்ல. மேல்படியிலேர்ந்து ஆரம்பி," என்றார்.

ரெங்கே மேல்படிக்குப் போனான். பின்னாலேயே மூன்றாவது வாளி வந்து விழுந்தது. இந்தத் தடவை ஃபோக்கோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் எங்களுக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மாதாகோயில் மணி நாலு அடித்தது. இன்சாவின் பச்சை ஜீப் வந்து நின்றது.

ரப்பர் பூட்ஸ், முழங்கைவரை சாணம். இறங்கி, உமிக்குள் நின்ற உருவத்தைப் பார்த்தாள். கூட்டம் பேச்சை நிறுத்தியது. எங்கள் ஊரில் பேச்சை நிறுத்துவது இரண்டே சமயம்தான். இன்னொன்று சாவு.

"கோழி எப்படி இருக்கு?" என்றாள்.

ரெங்கே தொப்பியைக் கழற்றினான். உமி கொட்டியது. இனிமேல் போவதற்கு மானம் ஒன்றும் மிச்சமில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நல்லாத்தான் இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. உங்களைப் பாக்கத்தான் அதைத் தூக்கிட்டு வந்தேன்."

இன்சா ஜீப் கதவைச் சாத்தினாள். பூட்ஸ் காலோடு கஞ்சியில் சளக் சளக்கென்று ஒன்பது படியும் ஏறினாள். தலேயாவின் சால்வையைப் பிடித்து அவனை இழுத்தாள். வெங்காயம், கற்பூரம், உமி எதையும் பார்க்காமல் வாயிலேயே முத்தம் கொடுத்தாள். கீழே காத்திருந்த தீயணைப்புப் படையின் பேண்டு பாட்டுப் புத்தகத்தைத் தேடாமலே வாசிக்க ஆரம்பித்தது. கேசினே அம்மாள் ஈரப் பாவாடையோடு எழுந்து நின்று கைதட்டினார். தலேயா அழுதாள்.

ரெங்கேவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு குறை உறுத்தியது.

"நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிட்டு, நல்ல சட்டை போட்டு நிக்கலாம்னு எவ்வளவோ பார்த்தேன் டாக்டர். இந்த உமி விடல," என்றான்.

அப்போது படியடியில் டிராக்டரை நிறுத்திவிட்டு ஃபோக்கோ இறங்கினார். இன்சாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார். அந்த வருஷத்திலேயே அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான்:

"டாக்டரம்மா, நீங்க வர்ற வரைக்கும் இவன் முடிச்சிரக் கூடாதுன்னீங்க. மூணு வாளி கொட்டிட்டேன். இன்னும் ஒண்ணு இருக்கு, கொட்டவா, வேணாமா?"