ஐந்தாம் சக்கரத்துக்கு ஓர் இடம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று எந்த வரலாற்றிலும் இல்லை. அந்தக் காலத்தில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வழக்கம் இல்லாததுதான் காரணம். ஆனால் ஒரு வண்டியின் ஐந்தாவது சக்கரத்தை எந்தப் பக்கத்தில் மாட்டுவது என்று தீர ஆராய்ந்தவர்கள் யார் என்பதில் வருங்காலத்துக்கு எந்தச் சந்தேகமும் வராது. நூற்று நாற்பத்தாறு பக்கத்துக்கு அறிக்கை இருக்கிறது. பின்னிணைப்புகள் தனி. எழுதியவன் நான்.

மலைப்பகுதி மருத்துவத் துறையில் நான் ஒரு பிரிவு அலுவலர். அதைவிடப் பெருமைக்குரிய பதவி, 'மாற்றுச் சக்கர இட நிர்ணயக் குழு'வின் செயலாளர் என்பது. செயலாளர் என்றால் கூட்டத்துக்குத் தேதி குறிக்க வேண்டும், உறுப்பினர்கள் பேசியதைக் கொஞ்சமும் பேசாததை நிறையவும் எழுத வேண்டும், கூட்ட அறையின் சாவியை வைத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். துறைக்கு ஒரு ஜீப் வந்தது. நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கிற, பாறை மேல் ஏறுகிற வகை. மலைமேல் ஒன்பது குடியிருப்புகள், அடிவாரத்தில் ஓர் ஆஸ்பத்திரி, நடுவில் எங்கள் கோப்புகளில் மட்டும் 'சாலை' என்று குறிப்பிடப்படும் ஒன்று. வண்டியின் ஸ்டெப்னி பின்கதவில் தொங்கியது. ஜீப்போடு போகிற நர்ஸ் மூன்றே வரியில் ஒரு கடிதம் கொடுத்தார். ஸ்டெப்னியின் கனத்தால் கதவு தொங்கிப்போய் முழுதாகத் திறப்பதில்லை, குறுகலான பாதையில் ஸ்ட்ரெச்சரை ஏற்றுவதற்குள் உயிர் போகிறது, வேறு இடத்தில் மாட்டித் தர வேண்டும்.

டிரைவர் என் மேசைக்கே வந்து சொன்னார். "பஜார் வெல்டர்கிட்ட விட்டா அரை நாள்ல மேல கேரியர் அடிச்சு மாட்டிக் குடுத்துடுவார் சார்."

நல்ல மனிதர், ஆனால் நிர்வாகம் தெரியாதவர். அரை நாளில் முடிகிற வேலையை ஒரு துறை அரை நாளில் முடித்தால், மிச்ச நாளெல்லாம் துறை என்ன செய்கிறது என்று யாராவது கேட்டுவிட மாட்டார்களா? குழு அமைக்கப்பட்டது.

தலைவர், எங்கள் இணை இயக்குநர். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிவிடாத பக்குவம் அவருக்கு இருந்தது. அடுத்தவர் மக்கள் தொடர்பு அலுவலர். மூன்றாவதாக, வெளியிலிருந்து ஓர் ஆலோசகர். அவர் ஜீப்பில் ஏறியதில்லை. எனவே சார்பில்லாத கருத்து சொல்லக்கூடியவர்.

முதல் கூட்டத்திலேயே சிக்கலின் ஆழம் தெரிந்துவிட்டது. ஸ்டெப்னிக்கு ஓர் உறை இருந்தது. உறை நிறைய எங்கள் இயக்குநரின் சிரித்த முகம். கீழே 'உங்கள் நலமே எங்கள் பயணம்' என்ற வாசகம். மக்கள் தொடர்பு அலுவலரின் யோசனை அது. ஆக, ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது என்ற கேள்வி உண்மையில் இயக்குநரின் முகத்தை எங்கே மாட்டுவது என்ற கேள்வி. அதைப் போய் பஜார் வெல்டரிடம் விட முடியுமா?

"கூரை மேல போட்டா முகம் வானத்தைப் பார்த்துல்ல இருக்கும்," என்றார் மக்கள் தொடர்பு அலுவலர். "யார் பார்ப்பாங்க? காக்காதான் பார்க்கும். பார்த்துட்டுச் சும்மா போனாப் பரவாயில்லை."

"வண்டிக்கு அடியில?" என்று தலைவர் கேட்டார்.

"ஐயையோ, சேறு சார். மூக்குலதான் முதல்ல படும்."

"அப்ப பானெட் மேல."

சாட்சியாக அழைக்கப்பட்டிருந்த டிரைவர் குறுக்கிட்டார். "பாதை தெரியாது சார்."

"ரெண்டு வருஷமா ஓட்டுற பாதைதானேப்பா? இன்னுமா பார்த்துப் பார்த்து ஓட்டுற?"

கதவோரமாகப் பக்கவாட்டில் மாட்டினால் இயக்குநரின் ஒரு கன்னம் பாறையில் உரசும் என்பது வரைபடத்தின் மூலம் நிரூபிக்கப்பட்டது. மிச்சம் இருந்தது வண்டிக்குள்ளே வைப்பது.

"உள்ள வச்சா நோயாளி வெளிய வரணும் சார்," என்றார் டிரைவர்.

தலைவர் அதையும் தள்ளிவிடவில்லை. "நோயாளி என்னைக்கோ ஒருநாள்தான் வருவார். ஸ்டெப்னி தினமும் இருக்கும். அதையும் நாம யோசிக்கணும்," என்றார். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். இப்படிப்பட்ட வாக்கியங்கள் தினமும் கிடைப்பதில்லை.

இரண்டாவது, மூன்றாவது கூட்டங்களை ஆலோசகரின் படக்காட்சி எடுத்துக்கொண்டது. அவர் ஸ்டெப்னி என்ற சொல்லைத் தவறிக்கூட உச்சரிக்கவில்லை. 'ரிசர்வ் மொபிலிட்டி யூனிட்' என்றார். கேட்பதற்கே காற்று அடித்த மாதிரி இருந்தது. ஐந்து இடங்களுக்கும் ஐந்து நிறம் கொடுத்து, வட்டம் போட்டு, வட்டங்களுக்கு நடுவே அம்புக்குறி விட்டார். கடைசிப் படத்தில் எல்லா அம்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் கைதட்டினோம்.

நான்காவது கூட்டத்தில்தான் அந்த வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. பொருளை நேரில் பார்க்காமல் பொருளைப் பற்றி முடிவெடுப்பது தவறு என்றார் ஆலோசகர். உடனே ஸ்டெப்னி வண்டியிலிருந்து கழற்றப்பட்டு, மாடிக்கு உருட்டி வரப்பட்டு, கூட்ட அறையின் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டது. சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, 'ஆய்வுப் பொருள் எண் 1. குழுவின் அனுமதியின்றித் தொடக் கூடாது' என்ற அட்டையை என் கையால் தொங்கவிட்டேன். கையெழுத்து அழகாக இருந்தது.

உருட்டி வந்த டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப வண்டிக்கு என்ன சார் பண்றது?"

"வண்டியில நாலு இருக்குல்ல?" என்றார் தலைவர்.

'வண்டி தற்போது நான்கு சக்கரங்களுடன் முழுமையாக இயங்கி வருவதைக் குழு திருப்தியுடன் குறித்துக்கொண்டது' என்று எழுதினேன்.

அடுத்த வாரம் நர்ஸ் வந்தார். மலைச்சேறு ஒட்டிய காலணியோடு வாசலிலேயே நின்றார்.

"சார், கதவு இப்ப நல்லாத் திறக்குது."

"பார்த்தீங்களா சிஸ்டர்? குழு வேலை செய்யலைன்னு சொல்றாங்களே."

"அது சரி சார். ஆனா ஸ்டெப்னி இல்லாம மேல போறது பயமா இருக்கு. அந்தக் கல்லுல டயர் என்னைக்கு வேணா கிழியும்."

"உங்க கடிதத்துல கதவு திறக்கணும்னுதானே கேட்டிருந்தீங்க? ஸ்டெப்னி வேணும்னு ஒரு வார்த்தை இல்லையே."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் நினைவாற்றலை மெச்சுகிறார் என்று அப்போது நினைத்தேன்.

ஸ்டெப்னி பதினொரு மாதம் கூட்ட அறையில் இருந்தது. பழகிப்போய்விட்டது. காலையில் முகத்தைத் துடைக்கத் தனித் துணி வந்தது. கோப்போடு உள்ளே நுழைகிறவர்கள் முதலில் சுவரோரம் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். இயக்குநரே ஒருமுறை வந்து பார்த்து, "லைட் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தா நல்லா இருக்கும்," என்றார். விளக்கு மாற்றப்பட்டது. அது அரை நாளில் முடிந்தது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது. டிரைவர் பேசினார்.

"சார், மேல பள்ளிக்கூடத்துச் சுவர் கட்டிட்டிருந்த கொத்தனார் கால் மேல கல்லு சரிஞ்சிடுச்சு. ஏத்திக்கிட்டு வந்தோம். நாலாவது வளைவுல முன் டயர் கிழிஞ்சு போச்சு."

"அடடா."

"நர்ஸ் கட்டுப் போட்டு ரத்தத்தை நிறுத்தி வச்சிருக்காங்க. மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா காலைக் காப்பாத்திடலாம்னு டாக்டர் போன்ல சொல்றார். வேற வண்டி எதுவும் அடிவாரத்தைத் தாண்டி மேல ஏறாது. ஆனா ஸ்டெப்னிய அடிவாரம் வரைக்கும் அனுப்பிட்டா, அங்கேருந்து ஆள் விட்டு உருட்டிக்கிட்டு வந்துடலாம். பத்து நிமிஷத்துல மாட்டிடுவேன்."

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. ஸ்டெப்னி என் மேசையிலிருந்து இருபது அடியில், கதவுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் மருந்துப்பெட்டி இறக்க வந்த வேன் ஒன்று காலியாக நின்றது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் தலைவரைக் கூப்பிட்டேன்.

தலைவர் ஒரு பயிலரங்கில் இருந்தார். 'விரைந்து முடிவெடுத்தல்' என்பது தலைப்பு. நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் அவருடைய தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. மக்கள் தொடர்பு அலுவலரைப் பிடித்தேன்.

"உறையோட அனுப்ப முடியாது. ரத்தம் கித்தம் பட்டா என்ன ஆகுறது?" என்றார் அவர். "உறையக் கழட்டுறதுன்னா ஆலோசகரைக் கேட்டுடுங்க."

ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். "ஆய்வு நடக்கும்போது பொருளை இடம் மாத்தினா இதுவரைக்கும் எடுத்த அளவெல்லாம் செல்லாமப் போயிடும். பதினொரு மாச உழைப்பு."

நியாயம்தான். ஆய்வுப் பொருளைத் தற்காலிகமாக விடுவிக்க அனுமதி கோரும் குறிப்பு ஒன்றைத் தயாரித்தேன். தலைவரின் கையெழுத்துக்கு இடம் விட்டேன். அதற்குள் மீண்டும் மணி அடித்தது. இந்தமுறை நர்ஸ். பின்னால் ஓர் ஆள் முனகுவது கேட்டது.

"அண்ணா," என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கும்மா," என்றேன். "அதிகாரம் இல்லை."

தொலைபேசி வைக்கப்படும் சத்தம் கேட்டது. வந்திருந்த வேன் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

தலைவர் மூன்று மணிக்கு வந்து, குறிப்பில் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். அதற்குள் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்து நாலாவது வளைவிலிருந்து அடிவாரம் வரை நடந்தே தூக்கி வந்துவிட்டார்கள். நர்ஸ் கூடவே காலில் போட்ட கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். கொத்தனார் பிழைத்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தேவை நீங்கிவிட்டதால் விடுவிப்பு அனுமதி ரத்து செய்யப்பட்டு, ஸ்டெப்னி இருந்த இடத்திலேயே இருந்தது.

குழு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நிறைவுக் கூட்டத்துக்கு அந்தக் கொத்தனாரையே அழைத்தோம். 'பயனாளி கருத்து' என்றொரு அத்தியாயம் அறிக்கையில் காலியாக இருந்தது.

அவர் கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு மாடி ஏறி வந்தார். நர்ஸ் பக்கத்தில் வந்தார், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. கொத்தனார் பிடிக்க விடவில்லை போலிருக்கிறது. முப்பத்தைந்து வயதிருக்கும். வந்தவர் பழக்கதோஷத்தில் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு ஆய்வுப் பொருளையும் அதன் மேல் சிரித்துக்கொண்டிருந்த முகத்தையும் பார்த்தார்.

"உட்காருங்க," என்றார் தலைவர் அன்போடு. "நடந்தது எங்களுக்கும் வருத்தம்தான். இனிமே யாருக்கும் இப்படி ஆகக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடுபடறோம். நீங்க அனுபவப்பட்டவர். இதோ படத்துல அஞ்சு இடம் இருக்கு. அன்னைக்கு ஸ்டெப்னி எங்க இருந்திருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்? பயப்படாம சொல்லுங்க."

கொத்தனார் படத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். எங்கள் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகக்கூடத் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வண்டியில சார்," என்றார்.

தலைவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "இது நம்ம லிஸ்ட்ல இருக்கா?"

புரட்டிப் பார்த்தேன். "இல்லை சார்."

"ஆறாவது இடமாச் சேர்த்துக்கலாம்," என்றார் ஆலோசகர் உற்சாகமாக. "ஆனா தனியா ஆராயணும். ஆறு மாசமாவது ஆகும்."

குழுவின் ஆயுள் ஒருமனதாக நீட்டிக்கப்பட்டது. நர்ஸ் போகும்போது என் சட்டைப்பையை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தேன். குறையே சொல்ல முடியாது. டயரின் அகலம் இருக்கிறது, எடை இருக்கிறது, கிழிந்த நேரம் இருக்கிறது, யார் யாரிடம் என்ன அனுமதி கேட்கப்பட்டது என்பது நிமிடக் கணக்கில் இருக்கிறது. அன்று அந்த அறையின் சாவி யாரிடம் இருந்தது என்பது மட்டும் நூற்று நாற்பத்தாறு பக்கத்தில் எங்குமே இல்லை.

எழுதியவன் நான்.