ஃபிரிட்ஜில் என் செருப்பு

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் மறந்தாலும் மறந்துவிடுவேன்.

சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைவது என் பிழைப்பு. (உள்ளே ஒரு சாண்கூட எழும்பாத புஸ்வாணத்துக்கு, வெளியே எரிமலை வரைகிற ஆள் நான்தான். மன்னிக்கவும்.) கிட்னி பழுதாகி, வாரம் மூன்று நாள் விருதுநகரில் டயாலிசிஸ். அங்கே வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னக் கேமராவைக் கொடுத்தாள்.

"நாள்பட்ட நோயில ஞாபகமும் தடுமாறும் சார். உங்களுக்கு அது எப்படி இருக்குன்னு நீங்களே படம் எடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு எல்லாரும் சேர்ந்து பார்த்துப் பேசலாம்."

"எனக்குத்தான் எதுவும் மறக்கலயே, எதப் போய் எடுக்க?" என்றேன் வீட்டில்.

"மறக்குது. முந்தாநாள் காலை மாத்திரைய ரெண்டு தடவ போட்டீக. அந்தப் பிள்ளட்டச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி பாண்டியம்மா.

"அட போடி. நான் நடிச்சு எடுக்கப்போறேன், பாரு. அதுல ஒரு நிஜ மறதி இருந்தா மாத்திரை டப்பா இனி உன் கையில. போதுமா?"

லேபிள் வரைகிறவனுக்குக் கற்பனையா பஞ்சம்? ஃபிரிட்ஜைத் திறந்து, தக்காளிக்குப் பக்கத்தில் என் செருப்பை ஒய்யாரமாகச் சாய்த்துவைத்து, ஒரு கிளிக். ஆஹா!

அந்த நாளும் வந்தது. டயாலிசிஸ் கூட்டாளிகள், டாக்டர், மனைவிமார் என்று அறை நிறைய ஆட்கள். திரையில் முதல் படம்: செருப்பு, தக்காளி. கைதட்டல். "சும்மா நடிப்புதான்!" என்று எழுந்து கும்பிட்டேன். இரண்டாவது: செருப்பு, புடலங்காய். மூன்றாவது: செருப்பு, மாவுச் சட்டி. அதற்கப்புறமும் அதே செருப்பு, அதே ஒய்யாரம். மொத்தம் பதினொன்று! பதினோரு நாளும் அந்த அபார யோசனை எனக்குப் புதுசாக உதித்திருக்கிறது.

"சார்," மாணவி மெதுவாகக் கேட்டாள், "இதுல எது நடிப்பு?"

அறையே சிரித்தது. பக்கத்து நாற்காலியில் என் டயாலிசிஸ் கூட்டாளி, எம். புதுப்பட்டி ஊர்ப் பட்டாசு ஆலை ஃபோர்மேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர், என் காதருகே, "எனக்கும் இப்பிடித்தான் அண்ணாச்சி. வீட்ல சொல்லல" என்றார்.

மாத்திரை டப்பா அன்றைக்கே கை மாறிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தபந்தம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மதினி, ஃபிரிட்ஜ்ல எடம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையும்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரே கோபம். "ஏட்டி, இத நேத்தே எடுத்தாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

ஜன்னல் பக்கம் திரும்பியபடியே பாண்டியம்மா சொன்னாள்:

"தெனமும் சொன்னேன்."