இரண்டாம் படிக்குப் பத்துப் பேர்

எங்கள் வாவிக்கரைப் பல்கலைக்கழக வளாகத்தில் நூறு வீதம் சித்தி காட்டிய பாடம் ஒன்றே ஒன்றுதான். அது ஜேர்மன் மொழி, முதலாம் படி. இரசாயனக் கூடத்தில் குழாயைத் திறந்தால் காற்று வரும். பௌதிகவியல் பேராசிரியர் கொழும்புக்கு ஒரு கூட்டத்துக்குப் போய் இரண்டு வருடம். மின்சாரம், பஸ், தபால் எல்லாம் யுத்தத்தைக் காரணம் காட்டி ஓய்வெடுத்த 1996ஆம் ஆண்டிலும் இந்த ஒரு வகுப்பு மட்டும் நின்றதில்லை. சுற்றிவளைப்பு நடந்த நாளில்கூட வரவு இடாப்பில் முப்பத்தெட்டுக் கையொப்பம் இருந்தது. அந்த இடாப்பைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவன் வளாகத்தின் பிரதம கிளாக்கர். களுவாஞ்சிக்குடி இளையதம்பி. அடியேன்தான்.

இந்தக் கல்வித் தாகத்துக்குக் காரணம் கேட்பவர் எங்கள் பகுதி ஆளாக இருக்க மாட்டார். பேர், ஊர், பசிக்கிறது, பயமாயிருக்கிறது என்ற நாலையும் ஜேர்மனில் சொல்லத் தெரிந்தால் ஜேர்மனியில் அகதியாகப் பதியப் போதும் என்று ஆளனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் முதலாம் படி இந்த நாலோடு நிறங்களின் பெயரையும் மேலதிகமாகக் கற்பித்தது. கரடியனாற்றில் வயல் விற்றவரின் மகனும் காத்தான்குடியில் கடை விற்றவரின் மகனும் ஒரே வாங்கில் இருந்து நிறங்களை ஒப்புவித்தார்கள். பரீட்சை முடியும், பெறுபேறு வருமுன் மாணவர் விமானம் ஏறிவிடுவார்.

மோகம் ஊரெல்லாம் பரவியது. செங்கலடிச் சந்தையில் தேங்காயை ஜேர்மனில் எண்ணிப் போட்டார்கள். ஒரு நாள் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் ஒரு பையனிடமிருந்த ஜேர்மன் புத்தகத்தைப் பறித்துத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தான். வரிசை முழுக்க நடுங்கியது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மல்லி, தம்பி, எனக்கும் ஒரு போட்டோக் கொப்பி குடு" என்றான்.

எல்லாம் இப்படிச் சீராக நடந்த காலத்தில்தான் ஏறாவூர் ஸகியா என் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஒழுங்கைக் குலைத்தாள்.

"சேர், ஜேர்மன் ரெண்டாம் படி எப்ப தொடங்கிற?"

"ரெண்டாம் படியா? அது என்னத்துக்கு புள்ள?"

"டிகிரிக்கு ஜேர்மனையும் ஒரு பாடமாத்தானே சேர் பதிஞ்ச. ரெண்டாம் படி முடிக்காட்டி டிகிரி இல்ல. டிகிரி இல்லாட்டி டீச்சர் வேலையும் இல்ல."

"நீ எப்ப போறாய்?"

"எங்க சேர்?"

"ஜேர்மனிக்கு."

"நான் போகல்ல."

பக்கத்து மேசைத் தட்டச்சு இயந்திரம் நின்றது. விடயம் பாரதூரமானது என்பதால் அவளைப் பதிவாளர் வினாயகமூர்த்தியிடம் அழைத்துப் போனேன்.

"போறல்ல எண்டா மறுகா எதுக்கு அந்தப் பாஷை?" என்றார் பதிவாளர்.

"படிக்கத்தான் சேர். படிச்சுப் பாத்தா நல்லாயிருக்கு."

பதிவாளர் என்னைப் பார்த்தார். "இளையதம்பி, இத எந்தக் கோவையில வைக்கிற?"

இப்படி ஒரு கோவை வளாகத்தில் இருக்கவில்லை. ஆனால் சுற்றுநிருபம் இருந்தது. எந்த இரண்டாம் படியும் தொடங்குவதற்குப் பத்து மாணவர் விண்ணப்பிக்க வேண்டும் என்று அது சொன்னது.

"உன்னோட படிச்சவங்க எத்தின பேர்?"

"முப்பத்தெட்டுப் பேர் சேர். என்னத் தவிர எல்லாரும் போயிட்டாங்க."

"போறம் எண்டு கடிதம் தந்தாங்களா?"

"களவாப் போறவங்க கடிதம் குடுத்திட்டா சேர் போவாங்க?"

"கடிதம் இல்லாட்டி சட்டப்படி அவங்க இங்கதான் இருக்காங்க" என்று பதிவாளர் பெருமூச்சு விட்டார். "ஒம்பது பேர்ட கையொப்பத்தக் கொண்டா."

ஸகியா ஜேர்மனியில் இருந்த ஒன்பது பேருக்கு, ஜேர்மன் படிக்க விரும்புவதாக ஒப்பமிட்டு அனுப்பும்படி எழுதினாள். ஏழு மாதத்தில் ஒன்பதும் வந்து சேர்ந்தன. ஒருவர் பனிக்குள் நிற்கும் படமொன்றை இணைத்து, வகுப்பு எத்தனை மணிக்கு என்று அறியத் தருமாறு பணிவுடன் கேட்டிருந்தார்.

கல்விச் சபை ஏகமனதாக அனுமதித்தது. இரண்டாம் படி கற்பிக்கத் தகுதி பெறும்பொருட்டு முதலாம் படியை நடத்திய விரிவுரையாளர் கோணாமலை ஆறு வாரப் பயிற்சிக்கு ஜேர்மனி அனுப்பப்பட்டார். பதினாலாவது மாதத்தில் அவரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. பயிற்சி மிகவும் ஆழமானது என்று அதில் எழுதியிருந்தார்.

ஸகியா காத்திருக்கவில்லை. தினமும் வந்து, வெறும் வகுப்பறையில் தனியாக இருந்து, இரண்டாம் படிப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தாள். ஷெல் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போவாள், அங்கிருந்தும் வாசிப்பாள். அந்தக் குரல் என் மேசை வரைக்கும் வரும். ஒரு சொல் விளங்காவிட்டாலும் கேட்க ஆசையாக இருந்தது.

பரீட்சைக்கு எண்பது வீத வரவு தேவை. பதிவாளர் இடாப்பை விரித்துக் கணக்குப் பார்த்தார்.

"பத்துப் பேர்ட வகுப்புக்கு ஒராள் வந்தா வரவு பத்து வீதம். பரீட்சை வைக்க ஏலாது."

"நான் ஒரு நாளும் விடாம வந்தன் சேர்!"

"நீ வந்த புள்ள. வகுப்பு வரல்ல."

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெறும் வகுப்பறைக்கே திரும்பிப் போனாள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. அதைக் குறிக்கச் சுற்றுநிருபத்தில் இடமில்லாததால் நான் கோவையில் குறிக்கவில்லை.

பதிவாளருக்கும் மனச்சாட்சி இருந்தது. மேற்படி ஒன்பது மாணவரின் வரவை நேரில் பரிசீலிக்கும் பொருட்டு அவரே ஜேர்மனிக்குப் புறப்பட்டார். சாட்சிகளாக மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார் ஆகியோரையும் கூட்டிப் போனார். பரிசீலனை இன்னும் முடியவில்லை.

இவ்வாறாக நான் பதில் பதிவாளரானேன். முதலாம் படியை நடத்த ஆளில்லை; ஜேர்மன் தெரிந்தவர் வளாகத்தில் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். ஆகவே ஜேர்மன் படிக்கத் தகுதி கிடைக்காத ஸகியாவை ஜேர்மன் கற்பிக்க நியமித்தேன். என்னோடு நாற்பத்துநாலு பேர் சேர்ந்தார்கள். நிர்வாக முன்மாதிரிக்காக நானும் முன் வாங்கில் இருந்து படித்தேன்.

முதலாம் படி முடிகிற கிழமை அவள் என் அறைக்கு வந்தாள்.

"சேர், ரெண்டாம் படிக்குச் சோதன எடுக்க கொழும்பிலிருந்து ஒருவர் வாறாராம். இந்த முற பத்துப் பேர் உண்மையா இருக்கணும். கடதாசியில இல்ல, கதிரையில."

"யோசிக்காத புள்ள. நான் இருக்கன்."

உறுதிமொழிப் பத்திரத்தை நானே தயாரித்தேன். 'கீழே கையொப்பமிடும் நான், இரண்டாம் படிப் பரீட்சை நிறைவுறும்வரை இவ்வளாகத்தை விட்டு நீங்கேன் என முழுமனதுடனும் சுயவிருப்பத்துடனும் இத்தால் உறுதியளிக்கின்றேன்.' நாற்பத்துநாலு பேரும் ஒப்பமிட்டார்கள். முதல் ஒப்பம் என்னுடையது. அதைப் பார்த்து ஸகியா சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் சிரித்து அன்றுதான் கண்டேன்.

இதை நான் எழுதுவது ஜேர்மனியில் ஓர் அகதி முகாமின் மூன்றாம் மாடியிலிருந்து. பரீட்சைக்கு நாலு நாள் இருக்க எனக்கு விமானம் கிடைத்தது. மற்றவர்களுக்கு எனக்கு முன்பே கிடைத்துவிட்டது. பக்கத்து அறையில் வினாயகமூர்த்தி சேர் இருக்கிறார். கீழ் மாடியில் கோணாமலை சேர் பயிற்சியைத் தொடர்கிறார். வளாகத்துக்கு இங்கே ஒரு கிளையே திறக்கலாம்.

போன கிழமை ஸகியாவின் கடிதம் வந்தது. நாலு பக்கம், முழுக்க ஜேர்மன். எனக்கு என் பேரும் அவள் பேரும் விளங்கின. கோணாமலை சேரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடப் போனவர் திரும்பி வரவில்லை. இது தனது அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது என்றார் வினாயகமூர்த்தி சேர். முப்பது பேர் கூடினோம். எல்லோரும் முதலாம் படி சித்தி.

கடைசியில் முகாம் அதிகாரி அம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் நின்றபடி வாசிக்கத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதில் இருந்ததை எங்களுக்காகச் சின்னச் சின்ன ஜேர்மன் வசனங்களாக, மெதுவாகச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த நாலு வசனமும் நிறங்களும் அதில் வரவில்லை. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

பிறகு அவர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் தலையாட்டினோம்.