ஒரு போத்தல் ஞாபக சக்தி

மறதிக்காரனால் ஊருக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. தன் மறதி குணமாகிவிட்டது என்று நம்புகிறானே, அவனைத்தான் கட்டிவைக்க வேண்டும். மூத்த மகளின் நிக்காஹ் அன்று எங்கள் ஊரான தில்லையடியில் என்னைக் கட்டிவைக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. புத்தளம் டவுனில் சின்னப் புடவைக் கடை. ஒரு நாள் கடைக்குச் சைக்கிளில் போய், வீட்டுக்கு பஸ்ஸில் வந்துவிட்டேன். சைக்கிள் களவு போய்விட்டது என்று அயலெல்லாம் கதை பரப்பினேன். மறுநாள் அது கடை வாசலில் நின்று என்னைப் பார்த்தது.

சிரிக்கலாம். ஆனால் இரண்டு மாதத்தில் மகள் ரிஹானாவின் நிக்காஹ். பள்ளிவாசலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, 'என்னுடைய மகள் இன்னாரை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்' என்று வாப்பாதான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனத்தில் திக்கித் திணறிய வாப்பாமாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். (பிறகு விருந்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும்போது அவர்களை நடித்துக் காட்டியதும் நான்தான்.)

அந்த நேரம் பார்த்து ஹசீனாவின் தம்பி நிஸார் கட்டாரிலிருந்து லீவில் வந்தான். ஹசீனா என் மனைவி. மச்சான் எனக்கென்று இரண்டு போத்தல் குளிசை மாத்திரை கொண்டுவந்திருந்தான். ஒன்று உடம்புத் தென்புக்கு, மற்றது மூளைக்கு. வயது போனவர்களுக்கென்றே செய்ததாம். மூளைக் குளிசையில் இருப்பது மீன் எண்ணெய் என்றான். (மீன் பிடிபடும் களப்புக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, பிளேனில் வந்த மீனைக் குடித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

ஹசீனா போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். "அந்த மீனுக்கு மூளை இருந்திருந்தா வலையில பட்டிருக்குமா?" என்றாள்.

பலன் தெரிய மாதக் கணக்காகும் என்று நிஸார் சொன்னான். எனக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. தெருவில் போகும் லொறிகளின் நம்பரை மனப்பாடம் செய்து, கடைக்கு வந்தவர்களிடம் ஒப்புவித்தேன். துணி வாங்க வந்த சனம், துணி வாங்காமலே போனது.

ஒவ்வொரு நாள் காலையும் குளிசையைப் போட்டுப் பிளேன்டீயைக் குடித்துவிட்டு நிக்காஹ் வசனத்தைப் பழகினேன். எதிரே ஹசீனா தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். சும்மா அவளைச் சீண்டுவதற்காக மகளின் பெயர் வரும் இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு விடுவேனா? இரண்டு மாதமும் அதே வசனம்தான்.

"கொமருப் புள்ளட காரியத்துல வெளாடாதீங்க. அங்க போய் வாய் தடுமாறும்" என்று அவள் ஒரு நாள் எச்சரித்தாள். குளிசை போட்டவனுக்கு அதெல்லாம் நடக்காது என்றேன்.

மாப்பிள்ளை ரியாஸின் ஆட்கள் உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு மன்னாருக்குத் திரும்பிப்போன குடும்பம். நிக்காஹ் அன்று பஸ் பிடித்து வந்திறங்கினார்கள். பள்ளிவாசலுக்கு ஒரு மதில் தள்ளித்தான் எங்கள் வீடு. பெண்களும் நிக்காஹைக் கேட்கட்டும் என்று வீட்டு முற்றத்துக்கு ஸ்பீக்கர் இழுத்துக் கொடுத்திருந்தேன். (அந்த யோசனையும் என்னுடையதுதான்.)

வசனம் எழுதிய கடதாசித் துண்டை மௌலவி நீட்டினார். "தேவையில்ல ஹஸரத், எல்லாம் இங்க இருக்கு" என்று தலையைத் தட்டிக் காட்டினேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். எங்கும் திக்கவில்லை, திணறவில்லை.

"என்னுடைய மகள் ஹசீனாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

மருமகனும் பாவம், தன் பதிலை மட்டும் பாடமாக்கி வந்தவர். "ஏற்றுக்..." வரைக்கும் போய்விட்டார். மௌலவி பாய்ந்து மைக்கைப் பொத்தினார்.

"நானா, ஹசீனா ஆரு?" என்று அண்ணனைக் கேட்பதுபோல் என்னைக் கேட்டார்.

"என்ட மனிசி."

பொத்திய மைக் அதையும் கொண்டுபோய் முற்றத்தில் போட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்களின் சிரிப்பு வெடித்தது. பிறகு சட்டென்று அடங்கியது. ஏன் அடங்கியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாப்பிள்ளையின் பெரிய வாப்பா என்னைப் பார்க்காமல் மௌலவியிடம் மெல்லக் கேட்டார்: "இந்த வருத்தம் குடும்பத்துல வேற ஆருக்கும் இருக்கா?"

ஆமாம், மறதி நோய்தான் என்று தலையாட்டினால் சபை எனக்கு இரங்கும், நான் தப்பிவிடுவேன். ஆனால் பரம்பரை வருத்தம் என்ற பேச்சு மகளின் தலையில்தான் விழும். வந்தவர்கள் எழுந்து பஸ்ஸில் ஏறிவிட்டால் முடிந்தது. ஆகவே உண்மையைச் சொன்னேன். மனைவியைச் சிரிக்க வைக்க இரண்டு மாதமாக அவள் பெயரைப் போட்டுப் பழகியதை, ஜமாஅத்தார் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பகிடிகளில் ஒருவர்கூடச் சிரிக்காதது அது ஒன்றுதான்.

ரியாஸ்தான் வாய் திறந்தார். "மாமா, துண்டப் பாத்தே சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல."

மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். (குளிசை கண்ணுக்கும் நல்லதாம்.) அவரே துண்டை எட்டப் பிடித்து மகளின் பெயருக்குக் கீழே விரலை வைத்தார். முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாசித்தேன். நிக்காஹ் நடந்தது.

வீட்டுக்குப் போனேன். ரிஹானா மணப்பெண் உடுப்பில் கட்டிலில் இருந்தாள். கண்மை கரைந்திருந்தது. பெண்களின் சிரிப்பு அடங்கியது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

"வாப்பா, என்ட பேரு மறந்து போச்சா?"

இல்லை மகள், இப்படி இப்படி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் கோபப்படவில்லை. யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப ரெண்டு மாசமா ஒரு தரம்கூட என்ட பேரச் சொல்லிப் பழகல்லயா?"

எந்தப் போத்தலிலும் அதற்கு மருந்து இல்லை. குளிசையைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. நான் பழக்கியதை அது ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றித் தந்திருக்கிறது.

இன்றைக்கும் ஹசீனாவிடம் தேத்தண்ணி கேட்டால், "மருமகன்ட்ட கேளுங்க, அவருக்குத்தானே குடுத்தீங்க" என்கிறாள். ரியாஸும் தன் பங்குக்கு, "மாமி என்ட பொறுப்பு" என்று எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிவருகிறார்.

போன வருடம் இளைய மகளின் நிக்காஹ். கேளாமலே ரியாஸ் என் பக்கத்தில் வந்து அமர்ந்து துண்டைப் பிடித்து விரலை வைத்தார். விரலுக்குத் தேவையிருக்கவில்லை. அன்று சுபஹ் தொழுகையிலிருந்து நான் இளையவளின் பெயரைத் தவிர வேறொரு சொல்லும் பேசியிருக்கவில்லை. தேத்தண்ணி கேட்பதற்குக்கூட.