இட்லிப் பானையில் வெந்த இன்ஜின்

அன்றைக்கு அந்த வாசலில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். விளக்கெண்ணெய் சார், அவர் மனைவி டீச்சர், டீச்சரின் அப்பா, டீச்சரின் டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றி வைத்துக்கொண்டு நின்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், நான். ஆறாவதாக ஒரு மோட்டார் சைக்கிள். இதை முதலிலேயே எண்ணிச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு மேற்குத் தாம்பரத்தில் பாதிப் பேர் "நான் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் அதுவரை பிறந்தவர்களிலும் சரி, இனிமேல் பிறக்கப்போகிறவர்களிலும் சரி, விளக்கெண்ணெய் சாரைப் போல நம்பிக்கை கொண்ட மனிதர் கிடையாது. கோட்டைப் பக்கம் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. நான் அதற்கு நேர் எதிர். மழை வராவிட்டால் கிணறு வற்றிவிடுமே என்று கவலைப்படுவேன். வந்தால் சுவர் இடிந்துவிடுமே என்று கவலைப்படுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஸ்டேஷன் பக்கத்து அச்சுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசி.

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் துண்டு துண்டாக, நான்கு வெள்ளிக்கிழமைகளில் வாங்கி வந்தார். செக்கோஸ்லோவாகியாவில் செய்த வண்டி. உதைக்கிற கம்பியே கியர்க் கம்பியும்கூட. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டிய ஜாதி. என்ன எண்ணெய் என்பதில்தான் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது.

"ரேஸ்ல ஓட்டுற வெள்ளைக்காரன் எல்லாம் விளக்கெண்ணெய்தான் தம்பி ஊத்துறான். இங்க்லீஷ்ல கேஸ்டர் ஆயில்னு சொன்னா கௌரவம். தமிழ்ல சொன்னா சிரிக்கிறீங்க."

செட்டியார் கடையிலிருந்து வீசை வீசையாக வாங்கினார். அது பெட்ரோலோடு சரியாகக் கலக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் வண்டியின் கைப்பிடி இரண்டையும் பிடித்து, மருந்து பாட்டிலைக் குலுக்குவது மாதிரி முழு வண்டியையும் குலுக்குவார். வாரக் கணக்கில் குலுக்கியும் உதைத்தும் ஒரே ஒரு நாள் அது நாலு தடவை இருமி, கொஞ்சம் புகை விட்டது. அந்தப் புகை தெருவில் இறங்கியதுதான் தாமதம், பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டன. பேதிக்குக் கொடுக்கிற நாள் என்று நினைத்துவிட்டன.

எங்கள் முதலாளிக்கு என் மேல் கோபம் வந்தால், "போடா விளக்கெண்ணெய்!" என்பார். மந்தமானவன் என்று அர்த்தம். தினம் ஏழெட்டு முறை வாங்குவேன். இப்படி ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒரே தெருவில் இருந்தால் சிநேகம் ஆகாமல் என்ன செய்வார்கள்?

டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ரொம்பப் பொறுமைசாலி. ஹாலில் சக்கரம் கிடந்தது, பொறுத்தார். ஜெபப் புத்தகத்தின் மேல் கார்புரேட்டர் இருந்தது, எடுத்துத் துடைத்து வைத்துவிட்டுப் பொறுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து இட்லிப் பானையைத் திறந்தார். உள்ளே இன்ஜினின் அடிப்பாகம் ஆவியில் வெந்துகொண்டிருந்தது.

"சூடா இருந்தாத்தான் பேரிங் வழுக்கிக்கிட்டு உள்ள இறங்கும்" என்று சார் விளக்கினார்.

"எனக்கும் மண்டைல இறங்கிருச்சு" என்று சொல்லிவிட்டு டீச்சர் பல்லாவரத்தில் இருந்த அப்பா வீட்டுக்குப் போய்விட்டார்.

எட்டு மாதம். அதன் முடிவில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிறு சாயங்காலம் ரயில். மத்தியானம் அப்பாவோடு வந்து மிச்சம் இருக்கிற புடவைகளை எடுத்துக்கொள்வதாகவும், அப்போது அந்த வண்டி அப்பா கண் முன்னால் பத்தடி ஓடினால் வேலையும் வேண்டாம், ரயிலும் வேண்டாம் என்றும் ஒரு கார்டு எழுதியிருந்தார். சார் அந்தக் கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

வண்டியின் பாகங்களை எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஸ்பார்க் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. மீனம்பாக்கத்தில் யாரிடமோ அதற்கான புத்தகம் இருந்தது. ஒரே ஒரு நாள் இரவல் கொடுத்தார்கள். "தம்பி, நீ படம் நல்லாப் போடுவியே, இந்தப் பக்கத்தைக் காப்பி எடுத்துக் குடு" என்றார். அச்சுக்கூடத்தில் மரக்கட்டையில் படம் செதுக்குவதும் என் வேலைதான். ராப்பகலாக உட்கார்ந்து, ஒரு பல் சக்கரம் விடாமல் வரைந்து கொடுத்தேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சார் ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பார்க்கை வைத்தார்.

மத்தியானம் ரிக்‌ஷா வந்தது. டீச்சர் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினார். ரிக்‌ஷாக்காரர் அதைத் தூக்கி ஏற்றினார். டீச்சரின் அப்பா, ரிட்டயரான ஹெட்மாஸ்டர், குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்ளே, ஆரம்பிக்கலாமா?"

சார் வண்டியைக் குலுக்கினார். உதைத்தார். ஒன்றுமில்லை. உதைத்தார். பதினோராவது உதைக்கு வண்டி உறுமியது. அப்பாடா! விளக்கெண்ணெய்ப் புகை எழும்பியது. சார் முகம் ஈஸ்டர் மாதிரி இருந்தது. கியரைப் போட்டு, டீச்சரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்து, கிளட்சை விட்டார்.

வண்டி பின்பக்கமாகப் போனது.

தயங்கித் தயங்கி இல்லை. நல்ல வேகத்தில், எங்களுக்கு முகத்தைக் காட்டியபடியே போனது. முகத்தில் அந்தச் சிரிப்பு மாறுவதற்குள் சார் எங்களை விட்டு விலகி, முருங்கை மரத்தைத் தாண்டி, நொச்சி வேலிக்குள் போய் மறைந்தார். உள்ளேயிருந்து கை மட்டும் தெரிந்தது.

"இன்னா சார், லாரி கணக்கா ரிவர்ஸ் எடுக்குற?" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

சார் தலையில் இலையோடு எழுந்து வந்தார். "மாமா, எத்தனை அடி இருக்கும்?"

ரிக்‌ஷாக்காரர் அடி வைத்து எண்ணினார். "இருவது கீது சார். கூடவே கீது."

"கேட்டீங்களா மாமா? உங்க பொண்ணு கார்டுல பத்தடி ஓடணும்னுதான் எழுதியிருக்கா. எந்தப் பக்கம்னு எழுதலை."

ஹெட்மாஸ்டருக்கு மீசை துடித்தது. "ஓடணும்னா முன்னாலதான்வே ஓடணும்! நீ சொல்லும்மா, தமிழ் வாத்தியார்தானே நீ!"

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னார். "ஓடுங்கிறது வினைச்சொல்லுப்பா. அதுக்குள்ள திசை இல்லை." சாருக்கு முகம் மலர்ந்தது. "ஆனா பின்னால ஓடுற வண்டியில நான் ஏற மாட்டேன்."

மலர்ந்தது வாடியது. ரிக்‌ஷாக்காரர் பெடலில் கால் வைத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மரக்கட்டையில் படம் செதுக்கும்போது இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். ஆறு வருஷமாகச் செய்து செய்து என் கைக்கு நேராக வரையவே தெரியாமல் போயிருந்தது. புத்தகத்தில் இந்தப் பக்கம் சுற்றிய அம்புக்குறியை அந்தப் பக்கம் சுற்றவிட்டிருந்தேன். ஸ்பார்க் அப்படி இடம் மாறினால் இந்த ஜாதி வண்டி பின்னால் சுற்றும். இன்ஜினுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

"சார்... அந்தப் படம்... கட்டைக்குப் போடுற மாதிரி திருப்பிப் போட்டுட்டேன் சார்."

அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தால், படத்தை வெயிலுக்கு நேராகப் பின்பக்கமாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடடா! பின்னாலேருந்து பார்த்தா எவ்வளவு கரெக்டா போட்டிருக்கான் பாருங்க மாமா!"

கால் மணி நேரம் ஆயிற்று. டீச்சர்தான் தாளை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டார். சார் ஸ்பார்க்கை மாற்றி வைத்தார், குலுக்கினார், உதைத்தார். இந்த முறை கிளட்சை விடும்போது எல்லாருமே இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றோம். வண்டி முன்னால் போனது. தெருமுனை வரை போய்த் திரும்பியும் வந்தது. டீச்சர் அப்பா கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தார்.

"ரயில்வே கேட் வரைக்கும் போயிட்டு உடனே வந்துருங்க! ஒரு தடவை ஓடினா ஆச்சா? ரயிலுக்கு நேரமாச்சு" என்று ஹெட்மாஸ்டர் கத்தினார். பெட்டி இன்னும் ரிக்‌ஷாவில்தான் இருந்தது. அவர் இறக்கச் சொல்லவில்லை.

அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. நான் லாரியை நினைத்தேன். சக்கரத்தில் சிக்கும் புடவையை நினைத்தேன். பிரேக் கம்பியை நினைத்தேன். வண்டி நடுரோட்டில் மறுபடி மனம் மாறிப் பின்னால் கிளம்பிவிட்டால்? சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே மிதித்தேன்.

பெருங்களத்தூர் தாண்டி, ரோட்டோரத்தில் வண்டி நின்றிருந்தது. நின்றுபோயிருந்தது என்று சொல்வதே சரி. சார் தரையில் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டீச்சர் பக்கத்தில் நின்று, தலையில் வெயில் விழ, குடையை இன்ஜினுக்குப் பிடித்திருந்தார். சார் என்னவோ சொன்னார். டீச்சர் சிரித்த சிரிப்பில் குடை ஆடியது.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளைச் சத்தமில்லாமல் திருப்பினேன்.

வாசலில் ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியாடே? எங்க நிக்காங்க?"

"எங்கயும் காணோம் சார். ரொம்ப தூரம் போயிட்டாங்க போலிருக்கு. வண்டி அவ்வளவு நல்லா ஓடுது."

அவர் ரோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, பொட்டிய எறக்கிடவா?"

"எறக்கு" என்றார்.

நான் எதற்கும் கவலைப்படுகிறவன், சொன்ன பொய்களை நினைத்துப் பல ராத்திரி புரண்டிருக்கிறேன். அன்று மட்டும் படுத்ததும் தூங்கிவிட்டேன்.