இருபத்தைந்து படங்களும் என் சாய்வு நாற்காலியும்

முப்பது நாள், தினம் ஒரு படம் வரைந்தே தீருவது என்று முடிவெடுத்தபோது எனக்கு வரையத் தெரியாது. அதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. ஆபீசில் பாதிப் பேர் இந்தச் சவாலில் இறங்கியிருந்தார்கள். அன்றன்று செய்த ஒரு காரியத்தை அன்றன்றே வரைந்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, நாலு பேர் பார்க்கப் போடவேண்டும். விதி அவ்வளவுதான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். அடுத்த நிமிஷமே மைத்துனன் போனில் வந்துவிட்டான்.

"அத்தான், நாலு நாள் தாங்குவீங்களா?"

"முப்பதும் முடிப்பேன்டா!"

"ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா?"

"என்ன வேணும்னாலும் கேளு."

"உங்க சாய்வு நாற்காலி."

ஜன்னலோரம் கிடக்கும் அந்த நாற்காலிதான் என் உயிர். லீவு நாளில் அதில் சாய்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். அந்த மூலையில் தையல் மெஷினைப் போட வேண்டுமென்று என் மனைவி ஆறு வருஷமாகக் கண் வைத்திருக்கிறாள்.

"சரி. நான் ஜெயிச்சா உங்க அக்கா அந்த நாற்காலியைப் பத்தி ஜென்மத்துக்கும் வாய் திறக்கக்கூடாது" என்றேன்.

"திறக்கமாட்டேங்க" என்றாள் அவள், சமையலறையிலிருந்து. அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் நாள் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அதையே வரைந்தேன். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாளும் அதே. நாலாம் நாளும் அதையே போட்டதும் மாமியார் குழுவில் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

மானம் கப்பலேறியது. ஒரு வேலையும் செய்யாதவன் தினம் ஒரு காரியத்துக்கு எங்கே போவான்? ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் படம் வரைவதை வரைந்து போட்டேன். அந்தச் சவாலில் நான் சொன்ன கடைசி உண்மை அதுதான். பிறகு மீதி இருபத்தைந்து படங்களையும் ஒரே மூச்சில் வரைந்து தள்ளினேன்.

கற்பனைக்கு என்ன பஞ்சம்? நான் மின்விசிறி துடைக்கிறேன். திரைச்சீலை துவைக்கிறேன். மெத்தைகளை வெயிலில் காயப்போடுகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்க்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு குச்சி மனிதன், முகத்தில் ஒரு சிரிப்பு. வரப்போகும் தேதிகளை வரிசையாகப் போட்டு, கையெழுத்திட்டு, அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அந்தத் துணிகளை மடித்து அடுக்குவது யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் மின்விசிறிப் படத்தைப் போட்டேன். "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார் மாமியார். பெருமையாக நாற்காலியில் சாய்ந்தேன். எதிரே மனைவி ஏணியோடு நின்றாள்.

"எதுக்கு ஏணி?"

"ஃபேன் துடைக்கத்தான். படம் போட்டிருக்கீங்களே."

"அது... துடைச்சாச்சும்மா."

"ஒட்டடை தொங்குதுங்க. செய்யாததை வரைஞ்சா செல்லாதாமே? தம்பிகிட்டயே கேட்டுடவா?"

ஏறினேன்.

மறுநாள் நான் படத்தைப் போடும் முன்பே வாளியில் திரைச்சீலைகள் ஊறிக்கொண்டிருந்தன. அதற்கு அடுத்த நாள் மெத்தைகள் வாசலுக்கு வந்து காத்திருந்தன. புருஷனும் பெண்டாட்டியும் இப்படி ஒரே மாதிரி யோசிக்கிறோமே என்று நான் பூரித்துப்போனேன். சுலபமான வேலையாக வேறு வரையலாமே என்கிறீர்களா? தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துவிட்டு வந்தவனுக்குப் பென்சிலைப் பிடிக்கவா கை வரும்?

இடுப்பு ஒடிந்தது. வீடு பளபளத்தது. நாற்காலிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தொன்பது நாளை ஓட்டிவிட்டேன்.

முப்பதாம் நாள் கொண்டாட லீவு போட்டேன். கடைசிப் படம் எனக்கு மனப்பாடம்: வெற்றிக்களிப்பில் நான், நாற்காலியில், கால் மேல் கால் போட்டு. கண்ணாடிகூடப் போடாமல் தாளை எடுத்து, போட்டோ பிடித்து, குழுவில் போட்டுவிட்டுச் சாய்ந்தேன். போன் விடாமல் சிணுங்கியது.

"என்ன மனசு மாப்பிள்ளைக்கு!" என்று மாமியார். "தங்கம்!" என்று சின்ன மாமனார். "அத்தான், அழுதுட்டேன். இதோ வண்டி எடுத்துட்டு வர்றேன்" என்று மைத்துனன்.

வண்டியா? கண்ணாடியைத் தேடி மாட்டினேன். படத்தில் குச்சி மனிதன் சாய்வு நாற்காலியைத் தலையில் சுமந்து போகிறான். கீழே, "மச்சானுக்கு என் அன்புப் பரிசு." அன்றைய தேதி. என் கையெழுத்து. ஆறு வருஷமாகக் கூரியர்காரரிடம் எனக்காக அந்தக் கையெழுத்தைப் போடுகிறவள் அருகில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதை நான் வரையலடி! நான் வரைஞ்சது வேற!"

"அப்படியா? அதை எப்பங்க வரைஞ்சீங்க?"

எப்போது வரைந்தேன் என்று சொன்னால் தோற்றேன், நாற்காலி போச்சு. இது நான் வரைந்ததுதான் என்றால் வரைந்தபடி செய்தாக வேண்டும், நாற்காலி போச்சு. குறைந்தபட்சம் நல்ல பெயராவது மிஞ்சட்டும்.

"இதுதான்... இப்பதான் வரைஞ்சேன்."

"அதானே பார்த்தேன்."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்தேன். அவள் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படத்துல சிரிச்சுக்கிட்டே தூக்குறீங்க. சிரிங்க."