அஞ்சு மணின்னா அஞ்சு மணி

சொவத்துல ஆணி இருந்துச்சு. ஆணியில கேரம் போர்டு இல்ல.

ரப்பர் ஸ்டோர்ல ஷீட் காயப்போடுற புகைக்கூட்டு வேலைய முடிச்சிட்டு, மேலெல்லாம் ஷீட் வாசத்தோட சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்த அல்பிரட் மொதல்ல ஆணியப் பாத்தாரு. அப்புறம் கட்டிலுக்கு அடியில பாத்தாரு. அலுமாரிக்குப் பின்னால பாத்தாரு. அவ்வளவு பெரிய பலகை ஒளியவே முடியாத எடத்துலயெல்லாம், அரிசி டின்னு உட்பட, தேடி முடிச்சிட்டுத்தான் குசினிப் பக்கம் தலைய நீட்டுனாரு.

"ஹில்டா! போர்டு எங்க?"

"ஆண்டவருக்குக் குடுத்துட்டேன்."

"என்னது?"

"அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு வீட்டுக்கு ஒரு சாமான் குடுக்கணும்னு போதகர் சொன்னாருல்லங்க. மெரினாக்கா பூசணிக்கா குடுத்தாங்க. ஸ்ரான்லி பொண்டாட்டி ரோஷானி சேவல் குடுத்தா. நம்ம வீட்டுல ஒண்ணுக்கும் ஒதவாம கெடந்தது ரெண்டு. அதுல ஒண்ணத் தூக்க முடியல. மத்ததக் குடுத்துட்டேன்."

தூக்க முடியாதது எதுன்னு அல்பிரட் ஒரு நிமிசம் யோசிச்சாரு. புரிஞ்சதும் யோசிக்கிறத நிப்பாட்டிட்டாரு.

"ஆண்டவரு கேரமா வெளையாடுவாரு?"

"சனிக்கிழமை சனிக்கிழமை நீங்களும் ஸ்ரான்லியும் ஆடுறதப் பாத்துப் பாத்து, அவருக்கே ஆச வந்திருக்கும்."

இதுக்கு மேல பேசுனா அது தேவனுக்கு விரோதமாப் போயிரும். அல்பிரட் வாயக் கட்டிக்கிட்டு வெளிய வந்து படியில உக்காந்தாரு.

மனுசனுக்கு அந்தப் போர்டு சும்மா பலகை இல்ல. ஸ்டோர்ல ஒபிசர் சொன்னதத்தான் செய்யணும். கோயில்ல போதகர் சொன்னதத்தான் செய்யணும். வீட்டுல யாரு சொன்னதச் செய்யணும்னு ஒலகத்துக்கே தெரியும். அல்பிரட் சொல்லி, அப்பிடியே கேட்டு, நேரா குழியில போயி விழுற ஒரே ஜீவன் அந்தச் செவப்புக் காய்தான்.

ஏலத்துல எடுத்துர வேண்டியதுதான். காசும் இருக்கு. அதுலதான் சிக்கலே. கம்பனி ஓவர்டைம் காசு இருவதாயிரத்தப் போன மாசமே குடுத்திருச்சு. அத ஸ்டோர்ல தன்னோட பெட்டியில பூட்டி வச்சிட்டு, "கம்பனி இன்னும் குடுக்கல ஹில்டா, பெரிய அநியாயம்"னு வாராவாரம் கம்பனியத் திட்டிக்கிட்டிருந்தாரு. இப்ப நாலு பேர் பாக்க ஏலத்த ஏத்துனா, "ஏதுங்க சல்லி?"ன்னு ஒரு கேள்வி வரும்.

போர்டும் வரணும். காசும் வெளிய தெரியக் கூடாது. படியில உக்காந்து யோசிச்ச அல்பிரட்டுக்கு அன்னைக்கு மூளை நல்லா வேலை செஞ்சுச்சு.

இந்த வருசம் ஏலம் வாட்ஸப்புல. கொழும்புலயும் கட்டார்லயும் வேலைக்கு நிக்கிற பிள்ளைகளும் கேக்கணும்னு போதகர் சபைக்கு ஒரு குரூப் தொறந்திருந்தாரு. சாமானோட படம் போடுவாங்க. அதுக்குக் கீழ வெலைய எழுதணும். ஒரு வாரம் ஓடி அடுத்த ஞாயித்துக்கெழமை சாயந்தரம் முடியும். எப்பிடி முடிக்கிறதுன்னு பேச, மறுநாள் ஆராதனை முடிஞ்சதும் கமிட்டி கூடுச்சு. காரியதரிசி அல்பிரட்.

"அஞ்சு மணிக்கு ஏலம் முடியணும்"னு எந்திரிச்சாரு. "அஞ்சு மணின்னா அஞ்சு மணி. அதுக்கப்புறம் ராசாவே எழுதுனாலும் செல்லாது. அதுதான் நியாயம். அஞ்சு மணி பஸ் அஞ்சு மணிக்குத்தான போவணும்?"

"யட்டியாந்தோட்டை பஸ் என்னைக்கு அஞ்சு மணிக்குப் போச்சு?"ன்னாங்க மெரினாக்கா.

ஹில்டா பொம்பளைங்க பக்கத்துலேருந்து கைய தூக்குனா. "கோயில் ஹோல்ல ஏலம் விட்டப்ப ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்லி, கேக்குறதுக்கு ஆள் இருக்கிற வரைக்கும் விட்டாங்கல்ல? போன்லயும் அப்பிடியே செய்வோம். ஒருத்தர் வெலை எழுதுனா இன்னும் அஞ்சு நிமிசம். அதுக்குள்ள இன்னொருத்தர் எழுதுனா மறுபடி அஞ்சு நிமிசம். அஞ்சு நிமிசம் யாருமே எழுதலன்னா முடிஞ்சது."

"அப்பிடி விட்டா விடியுற வரைக்கும் இழுக்கும்!"

"இழுத்தா கோயிலுக்கு லாபந்தானங்க? நீங்க சொல்ற மாதிரின்னா, ஒரு ஆளு கடைசி செக்கன் வரைக்கும் ஒளிஞ்சிருந்து, ஒரு வெலைய வீசிட்டு சாமானத் தூக்கிட்டு ஓடிரலாம். அது ஏலமா, கோழித் திருட்டா?"

சபை சிரிச்சுச்சு. அல்பிரட்டுக்கு மட்டும் காது சுட்டுச்சு. அவரு போட்ட திட்டமே அதுதான். அஞ்சு மணிக்கு ஒரு செக்கன் இருக்கப்போ 'ஆயிரம்'னு தட்டணும். மேல ஏத்த எவனுக்கும் நேரம் இருக்கக் கூடாது.

"கடைசி செக்கன்ல கேக்குறது குத்தமா?"ன்னு சத்தத்த ஒசத்துனாரு. "பொறுமையா இருக்கிறவன் கடைசியிலதான் கேப்பான். நீங்களும் பொறுமையா இருங்க, கடைசியில கேளுங்க, யாரு வேணாங்குறது? எல்லாருக்கும் ஒரே அஞ்சு மணிதான!"

போதகர் ஹில்டாவப் பாத்தாரு. ஹில்டா சட்டுன்னு உக்காந்துட்டா. "காரியதரிசி சொல்றபடியே இருக்கட்டும் ஐயா."

கல்யாணமான நாள்லேருந்து ஹில்டா இவ்வளவு லேசா விட்டுக் குடுத்ததே கெடையாது. அல்பிரட் அத கவனிச்சிருக்கணும். ஜெயிச்ச சந்தோசத்துல விட்டுட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கெழமை, அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னால, சிக்னல் நல்லா இருக்கிற தண்ணி டாங்கி மேட்டுக்குத் தனியா ஏறுனாரு. ஏறிப் பாத்தா பெருநாள் கூட்டம். ஸ்ரான்லி நிக்கிறான். பூசணிக்காய்க்கு ரெண்டு பேரு, சேவலுக்கு மூணு பேரு. லயத்து வீடுகள்ல இருக்கிற ஆம்பளை அத்தனை பேரும், குருவி பாக்க வந்த வெள்ளக்காரங்க மாதிரி, போன ஒசத்திப் புடிச்சுக்கிட்டு வானத்தப் பாத்து நிக்கிறாங்க.

"நீ இங்க என்னடா பண்ற?"

"நீங்கதானண்ணே கமிட்டில சொன்னீங்க, பொறுமையா இருந்து கடைசியில கேளுங்கன்னு."

அவ்வளவு நல்லாப் பேசியிருக்காரு.

அஞ்சு அடிக்கப் போகுது. அல்பிரட் '1000'ன்னு தட்டி வச்சிட்டு வெரல ஓங்குனாரு. அமுக்குனாரு. அதே செக்கன்ல எல்லாரும் அமுக்குனாங்க. டவருக்கு என்ன வந்துச்சோ தெரியல, எல்லார் போன்லயும் ஒரு வட்டம் சுத்துச்சு. சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. வட்டம் நிக்கிறப்ப, "5.00. ஏலம் முடிந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்"னு போதகர் போட்ட செய்திக்குக் கீழதான் எல்லாரோட வெலையும் வரிசையா வந்து விழுந்துச்சு.

"அப்ப யாருக்குடா போச்சு?"

ஸ்ரான்லி மேல தள்ளிப் பாத்தான். மத்தியானம், யாரும் போனப் பாக்காத சாப்பாட்டு நேரத்துல, ஒரே ஒரு ஆளு எல்லா சாமானுக்கும் சின்னச் சின்னதா ஒரு வெலை எழுதியிருக்கு. பூசணிக்கா, சேவல், கருப்பட்டி, கேரம் போர்டு. எல்லாம் ஹில்டா.

"அண்ணே, ஒட்டுமொத்த அறுப்பும் ஒங்க வீட்டுக்குத்தான்."

அல்பிரட்டுக்குச் சிரிப்பு அடங்கல. போர்டு வெறும் எழுநூத்தம்பது ரூபாய்க்கு வீட்டுக்கு வருது! அதுவும் ஹில்டா காசுல! பெட்டி தொறக்கவே இல்ல! ஆண்டவரு இருக்காருன்னு அன்னைக்குத்தான் முழுசா நம்புனாரு.

போன் டிங்குன்னுச்சு. ஹில்டா குரூப்புல எழுதியிருந்தா:

"இவ்வளவு கொறஞ்ச வெலைக்கு எடுக்க எனக்கு மனசு வரல. எல்லாத்தையும் சபைக்கே திருப்பிக் குடுக்குறேன். எப்பவும் போல மறு ஏலம் விடுங்க ஐயா. இந்தத் தடவை அஞ்சு நிமிசம் நீட்டுற முறையில."

எடுத்தத சபைக்கே குடுத்து மறு ஏலம் விடுறது அங்க பழைய பழக்கம். யாரும் வேணாங்க முடியாது. கட்டார்லேருந்து கைகூப்புற படம் வந்துச்சு. கொழும்புலேருந்து கை தட்டுற படம் வந்துச்சு. போதகர், "சகோதரி ஹில்டா சொன்ன முறையே நியாயம். ஆறு மணிக்கு ஆரம்பம்"னு போட்டாரு.

அல்பிரட் மேட்டுலயே உக்காந்துட்டாரு. மத்தவங்க ஏலம் கேட்டது போதும்னு எறங்கிப் போயிட்டாங்க.

ஆறு மணி. '1000'ன்னு போட்டாரு. 'ஸ்ரான்லி: 2000.' படுபாவி! '3000.' 'ஸ்ரான்லி: 4000.' நம்மகூட உக்காந்து நம்ம வீட்டுத் தேத்தண்ணியக் குடிச்ச பய! '6000.' 'ஸ்ரான்லி: 7500.' ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிசம் புதுசாப் பொறக்குது. நிறுத்திரலாம்னு மனசு சொல்லும். அவன் வீட்டு சொவத்துல போர்டு தொங்குறது கண்ணுக்குத் தெரியும். வெரல் தானாத் தட்டும். பத்தாயிரம் போச்சு. பதினஞ்சு போச்சு. பதினேழு. இப்ப அல்பிரட் தட்டுறதுக்கு முன்னால கணக்குப் பாத்தாரு. பதினெட்டுக்கு நெத்தியத் தொடச்சாரு. 'ஸ்ரான்லி: 19000.' பெட்டியில இருக்கிற கடைசி நோட்ட நெனச்சுக்கிட்டு, முடியப் போற நேரத்துல, '20000'ன்னு போட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு.

அஞ்சு நிமிசம் யாரும் எழுதல. போர்டு அல்பிரட்டுக்கு.

எறங்கி வர்ற வழியில ஸ்ரான்லி ரப்பர் மரத்துக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு ஓடிக்கிட்டிருந்தான்.

"டேய் துரோகி!"

"என்னண்ணே? ஏலத்துச் சேவலு அவுத்துக்கிட்டு ஓடிருச்சு, புடிங்கண்ணே!"

"சேவலா? இவ்வளவு நேரமும் என்மேல வெலை ஏத்திட்டு..."

"நானா? என் போன் வீட்டுல ரோஷானி கையிலண்ணே. ஹில்டாக்காவும் அங்கதான் இருந்தாங்க. ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு."

அல்பிரட் சேவலையும் ஸ்ரான்லியையும் விட்டுட்டு வீட்டப் பாத்து நடந்தாரு. வீட்டுக்குள்ள போறதுக்குள்ள ஒரு பொய்ய நல்லாத் தீட்டி எடுத்துக்கிட்டாரு. ஹில்டா வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா.

"இருவதாயிரம், ஹில்டா. கோயில் காரியமாச்சேன்னு கேட்டுட்டேன். ஒபிசர்கிட்ட கைமாத்து வாங்கித்தான் கட்டணும். கம்பனிதான் இன்னும் ஓவர்டைம் குடுக்கலையே..."

ஹில்டா தல தூக்கல.

"பத்தாயிரம் வரைக்கும் நாங்க தட்டி முடிக்கிறதுக்குள்ள பதில் போட்டீங்க. பதினஞ்சுக்கு மேல ரெண்டு நிமிசம் எடுத்தீங்க. கடைசியில நாலரை நிமிசம் யோசிச்சீங்க பாருங்க, அப்பதாங்க இனி ஒங்ககிட்ட ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சு, 'போதும் ரோஷானி, பாவம்'னேன்."